கடைசிக் கண்ணியில் இருந்த பேர்

முன்னறையிலிருந்து அந்தப் பாட்டு கேட்டபோது, தாஜுன்னிசா அடுக்களையில் நேர்ச்சைக்கான நெய்ச்சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவள் கட்டிய பாட்டு. கோட்டைமேட்டுப் பெண்கள் நபிபெருமானார் மேல் பாடுவதில் பாதி அவள் கட்டியவைதான். பாட்டுக் கட்டுகிறவர் கடைசிக் கண்ணியில் தம் பேரைச் சொல்லி நபியிடம் முறையிடுவது வழக்கம். பிளேக்கில் ஒரே மகனைப் பறிகொடுத்த வருஷம், அழுது ஓய்ந்து, ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து கட்டியது இது. வீட்டில் நபி புகழ் பாடும் மவ்லிதுக்காகக் கணவர் அப்துல் நாசர் அதைப் பாடகர் ஜபருல்லாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

'தங்க மகனைத் தவறவிட்ட ஜபருல்லாவின்
கைகளில் பிள்ளையைச் சேர்த்திடுவீர் யா நபியே!'

சட்டுவம் அப்படியே நின்றது.

சபை கலைந்தது. ஜபருல்லா மட்டும் சோற்றுக்காக உட்கார்ந்திருந்தார். அந்நியர் முன் வந்தறியாதவள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னறைக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, எம்பேரு எங்கீங்க?"

ஜபருல்லா சிரித்தார். ஆம்பிளைகள் கூடிய இடத்தில் பொம்பளை பேரைச் சொன்னால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றார். அடுத்து உடுமலைப்பேட்டையிலும் இப்படியே பாடப்போவதாக வேறு சொன்னார்.

"உங்க மூணு புள்ளைகளும் தெருவுல கோலி ஆடிட்டிருக்குதுங்க. செத்தது எம்புள்ளைங்க. யாரைச் சேர்த்து வெக்கச் சொல்லிக் கேட்டீங்க?"

ஜபருல்லாவின் முகம் வெளுத்தது. அந்த நினைப்பே தமக்கு வரவில்லை என்று முனகினார். பிறகு சமாளித்துக்கொண்டு, இனி கடைசிக் கண்ணியை விட்டுவிட்டே பாடுகிறேன் என்றார்.

அதுதான் அவளைக் கொளுத்திவிட்டது.

"அதென்ன பாட்டுக்கு வாலுங்களா, வெட்டிப்போட? மறுமையில அத்தனை கூட்டத்துல எம்மவனை நான் எங்கீங்க தேடுவேன்? அதுக்குத்தான் நபி முன்னாடி எம்பேரைச் சொல்லி வெச்சிருந்தேன். அதைக் களவாண்டுபோட்டீங்க. எம்பேரைச் சொல்லி இப்பவே பாடுங்க. இல்லாட்டி இந்தப் பாட்டை இனி வாயிலயே எடுக்காதீங்க."

ஜபருல்லா துணைக்கு அப்துல் நாசரைப் பார்த்தார். அதுவரை தலை நிமிராதிருந்த அந்த மனிதர் எழுந்து, வாழையிலையில் சோற்றைக் கட்டி வந்து அவர் கையில் வைத்தார். நபி பேரால் ஆக்கிய சோறு, யாருக்கும் இல்லையென்று சொல்லக்கூடாது என்றார்.

"ஆனாப் பாட்டு எம்பொண்டாட்டியுதுங்க. பாடறீங்களா?"

ஜபருல்லா பாடவில்லை. பொட்டலத்தோடு தெருவில் இறங்கியவர், பிள்ளைகள் மூவரையும் பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூவரும் வந்து சேரும்வரை அங்கிருந்து நகரவில்லை.

தாஜுன்னிசா கதவைச் சாத்தினாள்.