மாடி அறையில் மாட்டிய காற்று

அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மருமகள் சுகந்தி போனைக் காதில் வைத்தபடியே அடுப்பை அணைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். ஊரில், கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து அவள் சித்தப்பா பேசியிருக்கிறார். கல் ஆறும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மகன் எழுதுகிறான். இங்கே அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சர் பூங்காவில் எங்களோடு நடந்த உங்களுக்கெல்லாம் சம்பந்தி நாச்சிமுத்துவைத் தெரியும். குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவாரே, அவர்தான்.

அவர் வந்தது முந்தின குளிர்காலத்தில். சுகந்தி அப்போது மாசமாக இருந்தாள். பிரசவத்துக்கு வரவேண்டிய அவள் தாய் அந்த ஆடியில் போய்ச் சேர்ந்துவிட, "நீங்களாவது வாங்கப்பா" என்று அழுது அவரை வரவழைத்தாள். வந்தவர் கடைசிவரை விருந்தாளிதான். உட்காரச் சொன்னால்தான் சோபாவில் உட்காருவார். இரண்டாவது தோசை வைக்கப் போனால் தட்டுக்கு மேல் கையை விரித்துவிடுவார். காலையில் சாப்பிட வரும்போதே தலையில் குல்லா இருக்கும்.

"ஏனுங் சம்பந்தி, ஊட்டிக்குக் கெளம்பிட்டீங்களா?" என்பேன்.

"இதைப் போட்டா வயசு தெரியறதில்லீங்க" என்று சமாளிப்பார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. "டிக்கெட்ட மாத்திக் குடுங்க மாப்பிள்ளை, தென்னைக்குத் தண்ணி உட ஆளில்லீங்க" என்று மகனிடம் கேட்டுவிட்டார். சுகந்தி அவரிடம் ஒன்றும் பேசவில்லை. எங்களிடம் வந்து, "அப்பாவுக்கு என்கூட இருக்கப் பிடிக்கலைங்க மாமா. கொழந்த பொறக்கறப்ப எங்க ஊட்டாளுன்னு ஒருத்தரும் பக்கத்துல இருக்க மாட்டாங்க" என்று அழுதாள்.

பெட்டியை எடை பார்க்க ஒத்தாசை செய்யலாம் என்று மாடிக்கு ஏறினேன். அதுவரை அவர் அறைக்குள் நான் போனதில்லை. சம்பந்தி தங்கியிருக்கும் அறைக்குள் சட்டென்று நுழைந்துவிட முடியுமா? கதவைத் திறந்தால் ஃப்ரிட்ஜைத் திறந்த மாதிரி இருந்தது. எங்களுடையது பழைய வீடு. கீழே பாய்லரில் சூடாகும் தண்ணீர், குழாய் வழியாக ஒவ்வொரு அறைக்கும் வந்து, சன்னலடியில் இருக்கும் இரும்பு ரேடியேட்டரைச் சுட வைக்கும். அதில் கை வைத்தேன். அடியில் வெதுவெதுப்பு, மேலே சில்லென்று இருந்தது.

"எத்தன நாளா இப்பிடி இருக்குதுங்க?"

"வந்ததுலருந்தேங்க."

"ஒரு வார்த்த சொல்லப்படாதுங்களா?"

அவர் தரையைப் பார்த்தார். "பொண்ணு குடுத்த எடமுங்க. குளுருதுன்னு நாஞ் சொன்னா, ஊட்டுல கொறைன்னு ஆயிப்போயிருமுங்க."

மகனைக் கூப்பிட்டேன். அவன் தொட்டுப் பார்த்து, "உள்ள காத்து மாட்டிக்கிச்சுப்பா, அதான் சுடுதண்ணி மேல ஏறல" என்றான். கீழே இருந்த என் மனைவியின் காதில் பாதிதான் விழுந்தது. "காத்தா? மாசமா இருக்கற புள்ளைய வெச்சுக்கிட்டு, மாடியில காத்து கருப்பு இருக்குதுன்னு சாவகாசமாச் சொல்றானே!" என்று திருநீற்றுத் தட்டோடு ஏறி வந்து, ரேடியேட்டருக்கே பூசப் போனாள்.

"அந்தக் காத்து இல்லீங்க சம்பந்தியம்மா, இது வெறுங்காத்து" என்று நாச்சிமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மகன் பாய்லரை அணைத்தான். எல்லாம் ஆறிய பிறகு, ரேடியேட்டரின் ஓரத்துத் திருகைச் சின்னச் சாவியால் லேசாகத் திருப்பினான். சம்பந்தி டம்ளரை ஏந்த, நான் துணியைப் பிடித்தேன். 'உஸ்'ஸென்று காற்று போய்க்கொண்டே இருந்தது. பிறகு கறுப்புத் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பியது. அது சீராக வழிய ஆரம்பித்ததும் திருகை மூடி, பாய்லருக்குக் குறைந்த தண்ணீரை நிரப்பி, மறுபடி போட்டான். கொஞ்ச நேரத்தில் இரும்பு மேல்வரைக்கும் சுட்டது. அவர் குல்லாவைக் கழற்றினார். இரண்டு கையையும் அந்தச் சூட்டில் வைத்துக்கொண்டு, "எங்கூட்டுக்காரி இருந்திருந்தா மொத நாளே சொல்லிப்போட்டிருப்பாளுங்க. ரெண்டு பேருக்குஞ் சேத்து அவதானுங்க பேசுவா" என்றார்.

டிக்கெட்டை மாற்றவில்லை. ஆஸ்பத்திரியில் பேத்தியை மகளிடமிருந்து முதலில் வாங்கியது அவர் கைதான். வீட்டிலேயே சூடான அறை என்று சொல்லி, அவளை மாடிக்குத்தான் தூக்கிக்கொண்டு போவார். விசா முடிந்ததும் ஊருக்குப் போனார்.

நெஞ்சுவலி வெகுநாளாகவே இருந்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மட்டும் சொல்லி, "அமெரிக்காவுக்குச் சொல்லிப்போடாதீங்க, சுகந்தி அம்முணி பயந்துக்கும்" என்றாராம். வாராவாரம் வீடியோவில் எங்களோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். தென்னையைக் காட்டினார், பேத்தியைக் கொஞ்சினார். முகம் நன்றாகத்தான் தெரிந்தது. போனில் தெரிகிற ஆளைத் தொட்டுப் பார்க்க முடியாது.

நேற்று மத்தியானம் சுகந்தி சன்னல் ஓரமாக நின்றிருந்தாள். "என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க மாமா."

முன்பென்றால் சரியென்று நகர்ந்திருப்பேன். 'ஒண்ணுமில்லை' என்றால் நம்பிவிடக் கூடாது என்பது, சம்பந்தியைப் பார்த்து நான் கற்றது. அதை இனி விடமாட்டேன். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் அழுதாள்.