நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு

படகுப் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வெல்டர். நெருப்பைப் பார்த்துச் சலித்த கண்ணை ஓய்வுக்குப் பிறகு பறவைகளிடம் கொடுத்தார் அப்பா. பட்டறையில் அவருக்கு 'பைனாகுலர்' என்று பெயர்.

"பொண்டாட்டியக்கூட இப்படி உத்துப் பாத்திருக்க மாட்டாரு" என்று பட்டறை ஆட்கள் சீண்டுவார்கள்.

"அவ பறந்து போகலியேடா" என்பார்.

குளிர் முடிந்து வடக்கே திரும்பும் உள்ளான் பறவைகள் கழிமுகத்து மணல்திட்டில் இறங்கும். சில நாள் இரை தின்று தெம்பேற்றிக்கொண்டு கிளம்பும். வலைக்காரன் அதற்காகவே காத்திருப்பான். சிக்கியவற்றின் கழுத்தைத் திருகித் திருகிச் சாக்கில் போடுவான். ஒரே மூச்சில் எண்ணி ஐயாயிரம் பறவை தேறினால் திட்டில் வலைக்குத் தடை போடலாம் என்றார் வனத்துறை அதிகாரி.

மகளுக்குத் தராசுகளையும் அழுத்தமானிகளையும் சரிபார்க்கும் வேலை. அப்பா எண்ணுவதற்கு, விரலால் அழுத்தினால் ஒன்று கூடும் சின்னக் கருவியை வாங்கிக் கொடுத்தாள்.

"நடுவுல தலையத் திருப்பினா அந்தக் கணக்கு செல்லாதுப்பா. மறுபடி பூஜ்ஜியத்துலேர்ந்துதான்."

"சரிங்க மேடம்."

திட்டுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து அப்பா எண்ணிக்கொண்டிருந்த அன்று காலை, வலைக்காரன் போட்ட கூச்சல் கரை முழுக்கக் கேட்டது. அப்பா திரும்பவில்லை. துடுப்பு பிடரியில் இறங்கியது. இரண்டாவது அடியில் மண்டை பிளந்தது. பாறையில் வழுக்கி விழுந்ததாகப் போலீஸார் எழுதி மூடினார்கள். பார்த்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. கருவியில் 4312.

நான்காம் நாள் மகள் அதே கல்லில் உட்கார்ந்தாள். காற்று தெற்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது; அதில் ஏறிப் பறவைகள் வடக்கே கிளம்பிவிடும். இன்று விட்டால் அடுத்த வருஷம்தான். அதற்குள் திட்டில் மிஞ்சுவது இறகுதான். முதலிலிருந்து எண்ணினாள். நாலாயிரம் தாண்டியது.

"அப்பனுக்குக் குடுத்தது பத்தலியா? எந்திரிடி!"

அழுத்திக்கொண்டே இருந்தாள். 4310. 4311. துடுப்பு உயர்வது மணலில் நிழலாகத் தெரிந்தது.

திரும்பினாள்.

பைனாகுலரைத் தாங்க அப்பா வெல்டிங் செய்த இரும்பு முக்காலி கைக்கு வந்தது. முதல் வீச்சில் அவன் முழங்கால் நொறுங்கியது. அடுத்ததில் மணிக்கட்டு. அவன் போட்ட அலறலில் திட்டு மொத்தமும் எழுந்தது. மூன்றாவது வீச்சுக்கு முக்காலி அவன் தலைக்கு மேல் நின்றது.

"வேணாம்மா... அம்மா..."

பறவைகள் ஒரு வட்டமடித்து மறுபடி திட்டில் இறங்கின.

முக்காலியை மணலில் ஊன்றினாள். அதில் ஒட்டியிருந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை.

"கத்தாத. எண்ணணும்."

கருவியைப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பி, அழுத்தத் தொடங்கினாள். பின்னால் அவன் ஊர்ந்து போனான், அல்லது துடுப்பை நோக்கி வந்தான். அவள் திரும்பவில்லை.