சுவருக்கு அப்பால் இருந்த காசி

போன மாசியில் நான் மதுரைக்குப் போனது கோயில் பார்க்க அல்ல. வழக்கே போடாமல் ஆட்களை அடைத்து வைப்பதாக வரும் புகார்களை ஆராயும் ஒரு சர்வதேசக் குழுவிலிருந்து மார்த்தா என்ற வழக்கறிஞர் வந்திருந்தார். அவருக்கு நான் மொழிபெயர்ப்பாளர். இதே வேலையாக இந்தப் பக்கம் வரப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கினோம். இண்டிகா கார், நாள் வாடகை ஆயிரத்து இருநூறு, டீசல் தனி. டிரைவர் பாண்டி அண்ணன் காலை ஏழரைக்கெல்லாம் வந்துவிட்டார். முதலில் ஒத்தக்கடைக்குப் போய்த் துளசிராமை ஏற்றிக்கொண்டோம். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். வேறு யாரோ என்று நினைத்து அரசாங்க ஆட்கள் இவரைப் பிடித்துப்போய், கண்ணைக் கட்டி, ஏதோ ஒரு கட்டடத்தில் வாரக்கணக்கில் வைத்திருந்திருக்கிறார்கள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வண்டி கிளம்பும்போது கண்கட்டு நழுவியதில் ஒரு பச்சை கேட்டையும், சோழவந்தான் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களையும் பார்த்திருக்கிறார். அந்த இடத்தைக் காட்ட முடியுமா என்று மார்த்தா கேட்டிருந்தார்.

ஒத்தக்கடையிலிருந்து சோழவந்தான் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர். வெற்றிலைக் கொடிக்கால்கள் ஆரம்பித்ததும் துளசிராம், "கண்ணாடிய ஏத்திருங்கண்ணே. இந்த வாடைதான்," என்றார். ஊரைத் தாண்டியதும் ஒரு மண்பாதைப் பக்கம் கையை மட்டும் காட்டினார்.

அந்தப் பச்சை கேட் திறந்தே கிடந்தது. உள்ளே தென்னை மரங்கள், நடுவில் ஓட்டுக் கட்டடம். கதவும் திறந்திருந்தது. வெளியே வெயில் ஏறிவிட்டது. உள்ளே காலை வைத்தால் மட்டும் ஈரமாகச் சில்லிட்டது. புதுச் சுண்ணாம்பு வாடை. துளசிராம் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கச் சொல்லும்வரை எழுந்திருக்கவும் இல்லை.

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரின் அடியில், கைமுஷ்டி அளவுக்கு ஒரு ஓட்டையைப் புது சிமெண்டால் அடைத்திருந்தார்கள். "இது வழியாத்தான் காசி பேசுவாரு. பக்கத்து ரூம்பு. நான் வெளிய வர்றப்பவும் அவரு உள்ளதான் இருந்தாரு," என்றார்.

சுற்றிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனோம். அறை இல்லை. வாழைக்கன்றுகள் நின்றன. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஆள் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இங்கிட்டு ரூம்பே கிடையாதுங்க. எப்பவும் தோட்டந்தேன்," என்றார். அப்படிச் சொன்னபோது அவர் நின்றிருந்தது சிவப்பு சிமெண்டுத் தரையின் ஒரு துண்டில். கன்றுகளுக்கு நடுவே அந்தத் தரை விட்டுவிட்டுத் தெரிந்தது. மார்த்தா படம் எடுத்தார். துளசிராம் சுவரை மெல்லத் தட்டி, "காசி," என்றார். காசி இருந்த பக்கம் நின்று, தான் இருந்த அறைக்குள் கூப்பிடுகிறோம் என்பது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

காசியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சமயநல்லூர்ப் பக்கம். ஆடு வளர்க்கிறவர். மனைவி பெயர் செல்வி. சமயநல்லூரில் பாண்டி அண்ணன் டீக்கடையில் விசாரித்து, நாலு கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமத்தில் வீட்டைக் கண்டுபிடித்தார்.

செல்வி எங்களை உள்ளே கூப்பிடவில்லை. "எங்க போய்க் கேட்டாலும், நாங்க பிடிக்கவே இல்ல, உம் புருசன் எவளையோ கூட்டிக்கிட்டு கேரளாவுக்குப் போயிட்டான்னு சொல்றாக. அவரப் பாத்தேன், பேச்சக் கேட்டேன்னு ஏற்கெனவே ரெண்டு பேரு வந்து போயிட்டாக. நீங்க யாரு?" என்றார். உள்ளே போய் ஒரு போட்டோவை எடுத்து வந்து நீட்டினார். "இவருதானா?"

துளசிராம் அதை நெடுநேரம் பார்த்தார். "தெரியலம்மா. நான் அவரு முகத்தப் பாத்ததே இல்ல."

செல்வி போட்டோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கதவைச் சாத்தப் போகிறார் என்றே நினைத்தேன்.

"விடிஞ்சதும் ஒரு சத்தம் குடுப்பாரு," என்றார் துளசிராம். "நாங்கூட ஏன்ணே இதுன்னு கேப்பேன். பழக்கம்பாரு." நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இரண்டு முறை சொடுக்கி, அடித்தொண்டையில் 'ஹ்ர்ரோ' என்று இழுத்தார்.

வேலியோரம் படுத்திருந்த ஆடுகள் எழுந்தன. எல்லாம் ஒன்றாக. எங்களைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து, துளசிராமின் காலைச் சுற்றி நின்று முகர்ந்து பார்த்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. பாண்டி அண்ணன் இரண்டடி பின்னால் போனார்.

செல்வி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். "கேரளாவுக்குப் போகல," என்றார் தனக்குத்தானே. பிறகு, "இன்னொருக்க செய்யிங்கண்ணே," என்று கேட்டார். துளசிராமால் முடியவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

கார்த்திகையில் குழுவின் முடிவு வந்தது. துளசிராமை அடைத்து வைத்ததற்குச் சட்டப்படி எந்தக் காரணமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். காசி என்று யாரையும் பிடிக்கவில்லை என்பதுதான் அரசுத் தரப்பின் பதில். குழு அதை ஏற்கவில்லை. அவர் விஷயத்தை முடிக்காமல் வைத்திருக்கிறது. அவர் இன்னும் வீடு வரவில்லை.

போகிறவர்களுக்கு: பகலில் போங்கள். உள்ளூர் டிரைவர் அவசியம். தண்ணீர் எடுத்துப் போங்கள். சாட்சி சொல்கிறவருக்கு நடுவில் தொண்டை வறண்டுவிடும். மொழிபெயர்க்க வருகிறவர்களுக்கு ஒன்று. கணவரைப் பற்றிச் செல்வி அன்று பேசியபோதெல்லாம் 'இருக்காரு' என்றுதான் சொன்னார். ஆங்கிலத்தில் ஓரிடத்தில் என்னையறியாமல் 'இருந்தார்' என்று வந்துவிட்டது. மார்த்தா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் திருத்திச் சொன்னேன்.