மெர்சிங் கடலில் மூன்று முழுக்கு

மெர்சிங் போய் வந்தவர்கள் எல்லாரும் அதன் அழகைத்தான் பேசுகிறார்கள். வெள்ளை மணலாம், கடல் நடுவில் மலைபோல் நிற்கும் தீவுகளாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழகில்லை என்று நான் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து போன ஒரே பயணம் அதுதான்.

அப்போது அவர் இந்த மலாய் நாட்டில், ரெங்கம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஆபீஸில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் என்பதால் தனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்ற நினைப்பு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. தோட்டத்துக் கோயில் பண்டாரம் பித்ரு தோஷம் என்றார். தை அமாவாசையன்று புருஷனும் பெண்டாட்டியும் துணியை முடிந்துகொண்டு கடலில் மூன்று முழுக்குப் போட வேண்டுமாம். என் வீட்டுக்காரருடைய தாய் தகப்பன் இராமேஸ்வரத்தில் அப்படி முழுகித்தான் இவரே பிறந்தாராம். பிறந்து என்ன கிழித்தார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

குளுவாங் வரைக்கும் ரயில். அங்கிருந்து பஸ். எனக்குத் தெரிந்த மரமெல்லாம் வரிசை பிடித்து நிற்கும் ரப்பர் மரம்தான். அந்த ரோட்டில் காடு இரண்டு பக்கமும் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மலைகளை இடுப்புவரை மேகம் மூடியிருந்தது. மழை விட்டு விட்டுப் பெய்தது. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற டிரைவர் பஸ்ஸை நிறுத்தியபோது, பெரிய மூக்கு வைத்த இரண்டு பறவைகள் தலைக்கு மேலே பறந்தன. அவற்றின் இறக்கைச் சத்தம் கேட்டுப் பயந்துபோனேன்.

"ஜோடியா போவுது பாரு, நம்மள மாதிரி" என்றார் இவர். சிரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மெர்சிங்கில் ஒரு ராவுத்தர் காப்பிக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்க இடம் கொடுத்தார். எதற்கு வந்தோம் என்று கேட்டவர் காப்பி ஆற்றுவதையே நிறுத்திவிட்டார்.

"கிராணியாரே, ஊர்ல தை மாசம் கடல் தூங்கும். இங்க இப்பதான் அதுக்கு வெறி பிடிக்கிற மாசம். மலாய்க்காரன் படகையெல்லாம் கரையில கவுத்துப் போட்டிருக்கான், பாக்கலியா? மீன் வேணும்னாக்கூட இந்த மாசம் கருவாடுதான்."

"நாங்க மீன் பிடிக்க வரலீங்க. முழுகத்தான் வந்தோம்."

"முழுகிருவீங்க. எந்திரிக்கணுமே?"

இவர் சிரித்துவிட்டு வந்து என்னிடம், "துலுக்கருக்கு நம்ம சாஸ்திரம் என்ன தெரியும்?" என்றார். அந்த மனுஷன் சாஸ்திரமா பேசினார்? காற்றைப் பற்றிப் பேசினார்.

மறுநாள் காலையில் கடலைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். கடல் பழுப்பாக இருந்தது. அலைகள் சுவர் மாதிரி எழும்பி எழும்பி விழுந்தன. "வேணாங்க, இன்னொரு மாசம் பாக்கலாம்" என்றேன். "உனக்குப் பிள்ளை வேணுமா வேணாமா?" என்றார். முந்தானையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

துண்டைத் தன் இடுப்பில் சுற்றிக் கட்டி, அதன் நுனியில் என் முந்தானையைச் சேர்த்து இறுக்கி முடிந்தார். கவிழ்த்த படகுக்குப் பக்கத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் எழுந்து நின்று, "ஜாங்கான்! ஜாங்கான்!" என்று கத்தினார். வேண்டாம் என்கிறார். இவர் அவருக்குக் கையை ஆட்டிக் காட்டிவிட்டு என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார்.

முதல் முழுக்கு ஆனது. இரண்டாவதற்குக் குனியும்போது காலுக்கடியில் மண் போய்விட்டது. ஒரு அலை என்னைப் புரட்டி உள்ளே கொண்டுபோயிற்று. புடவை இழுபட்டது. அந்தப் பக்கம் இவர் இருக்கிறார் என்று தைரியமாகத்தான் இருந்தது. தலை வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அவர் கை இடுப்பில் இருந்தது. அடுத்த நிமிஷம் புடவை தொய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு தண்ணீர் குடித்ததுதான் ஞாபகம்.

என்னைக் கரைக்குக் கொண்டுவந்தவர் அந்த மலாய்க்காரர். தண்ணீரில் நீளமாக மிதந்த என் முந்தானையை எட்டிப் பிடித்து, வலை இழுப்பதுபோல் இழுத்திருக்கிறார். மணலில் கவிழ்ந்து கிடந்து இருமினேன். முந்தானை பக்கத்தில் கிடந்தது. முடிச்சு அப்படியே இருந்தது. அதில் என் வீட்டுக்காரருடைய துண்டும் இருந்தது. அவர்தான் அதில் இல்லை. பத்தடி தள்ளி வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

கிட்டே வந்தார். உயிரோடு இருக்கிறாயா என்று கேட்கவில்லை. "இன்னும் ரெண்டு முழுக்கு பாக்கி இருக்கே" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. இப்படியும் ஒரு ஆள் இருப்பானா, இவனோடா நான் இத்தனை வருஷம் படுத்து எழுந்தேன் என்று நினைத்தேன். மலாய்க்காரருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. ஆனால் துண்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், "அலாமாக்" என்று, அடக் கடவுளே என்கிற மாதிரி முனகிவிட்டுப் போய்விட்டார்.

காப்பிக்கடையில் இவர் ராவுத்தரிடம், "ரெண்டு பேரும் போயிருந்தா யாருக்கு லாபம்? அதான் அவுத்துட்டேன்" என்று விளக்கம் சொன்னார். கணக்கு எழுதுகிற புத்தி. ராவுத்தர் எனக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போட்டுச் சூடாக ஒரு காப்பி வைத்தார்.

திரும்பும்போது ஒரு பள்ளத்தில் ரோட்டையே வெள்ளம் மூடியிருந்தது. பஸ் பாரத்தோடு போகாது, எல்லாரும் இறங்கி நடங்கள் என்றான் டிரைவர். முட்டிக்கு மேல் தண்ணீர். பக்கத்தில் பச்சை மலை, அதிலிருந்து வெள்ளைக் கோடாக இறங்கும் அருவி. மற்ற நாளாயிருந்தால் நின்று பார்த்திருப்பேன்.

இவர் கையை நீட்டினார். "பிடிச்சுக்க, வழுக்கும்."

எனக்கு முன்னால் கீரை விற்கிற சீனத்தி ஒருத்தி, தோளில் காவடிக் கட்டையோடு இறங்கிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"என்னடி இது? புருஷன் கல்லு மாதிரி நிக்கிறேன், யார் கையையோ பிடிக்கிற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

"அந்தம்மா விடமாட்டாங்க" என்றேன்.

பஸ்ஸில் வந்த தமிழாட்கள் இரண்டு பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன்.