நான் ஆண்ட நாட்டை முதன்முதலாகப் பார்த்தேன்

2007 அக்டோபர், வெள்ளிக்கிழமை, காலை ஏழே முக்கால். சிட்னி சென்ட்ரலிலிருந்து மெல்பர்ன் போகும் பகல் ரயில் கிளம்பியது. ஏறத்தாழ 960 கிலோமீட்டர், பதினோரு மணி நேரம், டிக்கெட் 75 டாலர். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பதவி பறிபோக இருக்கிறவனுக்குப் பேச்சு தயார் செய்ய அவகாசம் வேண்டும். அதனால்தான் ரயில்.

என்ன பதவி என்று சொல்லிவிடுகிறேன். நான் மழைநாட்டின் பிரபு. அந்த நாடு எந்த உலகப் படத்திலும் கிடையாது. மெல்பர்னில், கிளென் வேவர்லியில் இருக்கும் ரூபன் என்ற யாழ்ப்பாணத்துக்காரர் நான்கு வருடத்துக்கு முன்னால் உருவாக்கிய கற்பனை நாடு அது. நிஞ்ஜாக்களின், அதாவது பழைய ஜப்பானில் ஒளிந்து சண்டை போட்ட உளவாளிகளின் நாடு. மாதம் ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் ஆறு பேர் கூடி, ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி அதை விளையாடுகிறார்கள். சண்டை, உளவு, வேவு எல்லாம் மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் மூங்கிலூர் என்ற நிஞ்ஜா ஊரின் வேலை. அந்த நிஞ்ஜாக்களுக்கு ஒரு தலைவி உண்டு. ஆனால் நிலமும் கஜானாவும் பிரபுவின் கையில். எந்த வேலைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போடுவதும் அவர்தான். பிரபுவுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. இருந்தும் கத்தி பிடித்தவர்கள் அவர் சொல்லைக் கேட்க வேண்டும். ரூபனுடைய உலகத்தின் அச்சாணியே இந்த ஏற்பாடுதான்.

இணையத்தில் பழக்கமான ரூபன் எனக்கு அந்தப் பதவியைக் கொடுத்தார். சிட்னியில் செவன் ஹில்ஸில் உட்கார்ந்துகொண்டு நான்கு வருடம் மின்னஞ்சலிலேயே ஆண்டேன். ஒருமுறைகூடப் போனதில்லை. போன மாதம் கடிதம் வந்தது: பிரபு பதவியை ஒழிப்பதா வேண்டாமா என்று சனிக்கிழமை வாக்கெடுப்பு.

சிரிப்பு வருகிறதா? எனக்கு வரவில்லை. என் மனைவி தன் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வேலை முடிந்து வந்தால் வீட்டில் பேச ஆள் கிடையாது. வாரத்தில் மூன்று நாள் மழைநாட்டிலிருந்து வரும் அஞ்சல்தான் எனக்குத் துணை. அதுவும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

பகல் பதினொன்று. கோல்பர்ன் தாண்டியாயிற்று. இருபக்கமும் காய்ந்த புல், ஆட்டு மந்தைகள். வறட்சி நீண்டுகொண்டே போகும் வருடம். பக்கத்து இருக்கையில் வாகா வாகா போகும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அறுபது வயது இருக்கும். வேலை விஷயமாகப் போகிறீர்களா என்று விசாரித்தார். "ஒரு வாக்கெடுப்பு. என்னைத் தூக்கப் பார்க்கிறார்கள்" என்றேன். "ஊராட்சியா?" என்றார். "கிட்டத்தட்ட" என்றேன். "தூக்கினால் தூக்கட்டும், ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்" என்று சொல்லி ஒரு பிஸ்கட் கொடுத்தார். 3 டாலர் 20 காசுக்கு வாங்கிய ரயில் காப்பியைவிட அது எவ்வளவோ மேல்.

மதியத்துக்கு மேல் ஆல்பரியில் மரே ஆற்றைக் கடந்தோம். அங்கே மாநிலம் மாறுகிறது. அதற்குள் என் பேச்சு நான்கு பக்கம் ஆகியிருந்தது. பிரபுக்களின் உரிமைகள், கடமைகள், வரலாறு என்று விளாசித் தள்ளியிருந்தேன்.

மாலை ஆறே முக்கால். மெல்பர்ன் சதர்ன் கிராஸ் நிலையம். அங்கிருந்து கிளென் வேவர்லிக்கு உள்ளூர் ரயில், கடைசி நிறுத்தம். நிலைய வாசலில் ரூபன் காத்திருந்தார். ஒல்லியான மனிதர், மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர்.

"அண்ணை, வந்திட்டியளே! படத்தில பாத்ததைவிடக் கட்டையா இருக்கிறியள்" என்று கட்டிக்கொண்டார்.

அவர் மனைவி சுபா இடியப்பமும் சொதியும் போட்டார். நாளைய விஷயத்தை விட்டுவிட்டு வறட்சியைப் பற்றிப் பேசினோம்.

சனிக்கிழமை காலை பத்து மணி. நான் முதல் ஆளாகக் கூடத்துக்குப் போனேன். சுவர் முழுக்க மழைநாட்டின் படம், என்னைவிட உயரம். என்னிடம் இருந்தது கைக்குட்டை அளவு நகல். நகலில் வெறும் பச்சையாகத் தெரிந்த ஆற்றின் அக்கரையில், இங்கே சின்னச் சின்னதாக நாற்பது வீடுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். அதில் பதினொரு வீடுகளைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.

"இது என்ன ரூபன்?"

"விளையாட வாற ஆக்கள் ஒவ்வொரு முறையும் ஒரு வீடு கீறவேணும் அண்ணை. ஆர் குடியிருக்கினம் எண்டு பேரும் எழுதவேணும். அது எங்கட வழக்கம். நீங்கள் வரேல்லைத்தானே, உங்களுக்குத் தெரியாது."

"இந்தச் சிவப்பு?"

"நீங்கள் பாலத்தைக் கொளுத்தச் சொன்னியளல்லோ. பிறகு வெள்ளம் வந்தது. சாப்பாடு போகேல்லை. பகடையில பதினொரு வீடு போச்சு."

எனக்கு அந்த உத்தரவு ஞாபகம் வந்தது. எதிரிப் படை ஆற்றைக் கடக்கப் பார்க்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகளை ஹெலன்ஸ்பர்க் கோவிலுக்குக் கூட்டிப்போக வேண்டும், அவர்கள் காரில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. "பாலத்தைக் கொளுத்துங்கள்" என்று இரண்டே சொல் தட்டிவிட்டு ஓடினேன். பெருமாள் சந்நிதியில் நின்றபோது நல்ல ராஜதந்திரம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. வெட்கக்கேடு.

பதினொரு மணிக்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மூங்கிலூரின் தலைவி நிலோஃபர், நாற்பது வயது, மருந்துக்கடையில் வேலை. யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பம். எனக்கு சலாம் சொன்னார், சிரிக்கவில்லை. அடுத்து கோயம்புத்தூர்க்காரர் செந்தில், கணினி வேலை. ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானமே அவருடையதுதான். சுபாவையும் இன்னும் மூவரையும் சேர்த்தால் வாக்குகள் ஆறு. ரூபன் நடுவர், அவருக்கு வாக்கில்லை.

செந்தில் எழுந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. சண்டை போடறது நாங்க, சாகறது நாங்க. அவரு எங்கியோ உக்காந்துட்டு உத்தரவு போடறாரு. எதுக்குங்க ஒரு பிரபு? ஊர்த் தலைவியே நாட்டையும் பாத்துக்கட்டும். வேல சுலபமா முடிஞ்சுரும்."

சொன்னதில் ஒரு தவறும் இல்லை. என் முறை வந்தது. நான்கு பக்கத்தையும் எடுத்தேன். முதல் வரியிலேயே 'பிரபுவின் பாரம்பரிய உரிமை' என்று எழுதியிருந்தேன். சுவரில் அந்தச் சிவப்புக் கோடுகள். தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

"நான் அந்தப் படத்தை இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன். அங்க ஆள் இருக்காங்கன்னே தெரியாது. தெரிஞ்சுக்கணும்னு கேக்கவும் இல்லை. என் தப்பு. மன்னிச்சிருங்க" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தோற்றோம் என்றுதான் நினைத்தேன்.

நிலோஃபர் எழுந்து படத்தின் அருகில் போனார். "அந்தப் பதினொண்டில ஏழு வீடு நான் கீறினது. நான் சின்னப்பிள்ளையா இருந்த தெருவை அப்பிடியே கீறினனான். மூலைவீட்டு தையல்கார மாமா, பாண் போடுற பேக்கரி ஆக்கள், எல்லாரையும்" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"அண்ணைக்கு என்னில கோவம் வராதெண்டா ஒண்டு சொல்லுறன். கொளுத்தச் சொன்னது நீங்கள். கொளுத்தினது நான். எனக்குத் தெரியும் அங்க ஆர் இருக்கினம் எண்டு. மாட்டன் எண்டு சொல்லியிருக்கலாம், சொல்லேல்லை." பிறகு செந்திலைப் பார்த்தார். "தம்பி, கத்தி இருக்கிற ஆக்களே முடிவும் எடுத்த ஊரில நான் இருந்திருக்கிறன். வேலை சுகமாத்தான் முடிஞ்சது. தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தைச் சாமானைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடச் சொல்லேக்க, ஏன் எண்டு கேக்க எங்களுக்கு ஒரு வாசல் இருக்கேல்லை. நாளைக்கு நானே பிழை விட்டா, அக்கரைச் சனம் ஆரிட்டப் போய்ச் சொல்லும்? எனக்கு மேல கத்தி இல்லாத ஒரு ஆள் வேணும்."

"அதுக்கு இவரு இங்க வரணுமல்லங்க அக்கா?" என்றார் செந்தில்.

"ஓம். அதைத்தான் சட்டமாக்க வேணும்."

ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. கடைசியில் ரூபன் தடித்த குறிப்பேட்டில் எழுதினார்: பிரபுவின் உத்தரவை மூங்கிலூர் மறுக்கலாம். மறுத்தால், பிரபு நேரில் வந்து எல்லோர் முகத்தையும் பார்த்து அதே உத்தரவைச் சொல்ல வேண்டும். வராத பிரபுவின் உத்தரவு செல்லாது. அதன்பிறகு வாக்கெடுப்பு. பதவி இருக்கட்டும் என்று நான்கு பேர், வேண்டாம் என்று இரண்டு பேர். செந்தில் எதிர்த்துத்தான் கை தூக்கினார். ஆனால் மதியச் சாப்பாட்டில் கோழிக்கறியை முதலில் என் தட்டில் போட்டதும் அவர்தான். "உத்தரவு போடுங்ண்ணா, நாங்க மறுக்கணுமல்ல" என்றார்.

அன்று பிற்பகல் பாலத்தை மறுபடி கட்ட உத்தரவிட்டேன். ஒருவரும் மறுக்கவில்லை. வழக்கப்படி நானும் ஒரு வீடு வரைந்தேன், கோணல்மாணலாக. யார் பெயர் என்று ரூபன் கேட்டார். என் மனைவியின் பெயரை எழுதினேன்.

ஞாயிறு காலை ஏழரை. நிலோஃபருக்கு நகரத்துக் கடையில் அன்று வேலை. என்னையும் தன் காரிலேயே நிலையத்தில் விட்டார். மொனாஷ் நெடுஞ்சாலையில் இருபது கிலோமீட்டருக்கும் மேல், ஞாயிறு என்பதால் நெரிசலில்லை. நான் கதவைத் திறந்து இறங்கும்போது சொன்னார்:

"அடுத்த மாசமும் வாங்கோ அண்ணை. வராட்டி, கொல்லுறதுக்கு ஆள் அனுப்புவன். எங்கட ஆக்கள் பிழை விடமாட்டினம்."

"விமானத்துல அனுப்புங்க, சீக்கிரம் வந்துருவாங்க" என்றேன். இருவரும் சிரித்தோம். இரண்டு நாளில் அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

ரயில் வடக்கே போகும்போது செவன் ஹில்ஸைப் பற்றி நினைத்துப் பார்த்தேன். என் தெருவில் பதினான்கு வீடுகள். பதினோரு வருடமாக அங்கே குடியிருக்கிறேன். ஒரு மாதம் என்னைக் காணவில்லை என்றால் கதவைத் தட்டக்கூடியவர் யார் என்று விரல் விட்டு எண்ணினேன். ஒரு விரலும் மடங்கவில்லை. ஆனால் 960 கிலோமீட்டர் தெற்கே, இல்லாத நாடு ஒன்றில், நான் வராவிட்டால் கொலையாளியையே அனுப்பும் அளவுக்கு என்னைத் தேடுகிறார்கள். ஆல்பரி வருவதற்குள் நவம்பர் மாத டிக்கெட்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.