கொதிக்கிற காரும் உபகாரத்தின் ஜெபமாலையும்

கொடைக்கானல் மலைப்பாதையில் டம் டம் பாறையைத் தாண்டியதும் டிரைவர் உபகாரத்துக்குப் பக்தி பொங்கிவிடும். வளைவோரத்தில் மாதா சிலை நிற்கும் குருசடியில் காரை ஓரங்கட்டி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கழுத்திலிருந்து ஜெபமாலையைக் கழற்றுவார். "ஒரு ஜெபமால சொல்லிட்டுப் போயிருவோம் டீச்சர். மாதா முகத்தப் பாக்காமப் போனா மனசு கேக்காதுங்க."

மனசாவது மண்ணாவது! கேட்காதது ரேடியேட்டர்.

அருள்மணி டீச்சரின் கார் அமெரிக்காவில் பிறந்தது. வீட்டு சோபா தோற்றுப்போகும், அப்படி இருக்கைகள். என்ன பிரயோசனம்? இருபது வயதாகி, ரேடியேட்டர் குழாய்களில் துரு அடைத்துக் கிடக்கிறது. மாற்றுவதற்குச் சாமான் சீமையிலிருந்து வரவேண்டும். கீழ்நாட்டுச் சமவெளியில் சாதுவாக ஓடுகிற வண்டி, மலையேறினால் கொதித்துவிடும்.

உபகாரம் இதை டீச்சரிடம் மூச்சுவிட்டதில்லை. சொன்னால் வண்டியை விற்றுவிடுவார்களே! ஐம்பத்திரண்டு வயதில், இந்த ஸ்டியரிங்கை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? அதனால் சூடு ஆறும் நேரத்தை ஜெபமாலையால் அளந்து வைத்திருந்தார். ஐம்பத்து மூன்று மணியும் உருட்டிய பிறகுதான் ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகி, டிக்கியிலிருக்கும் டின் தண்ணீரை ஊற்றுவார். ஒருமுறை முப்பதிலேயே அவசரப்பட்டதன் தழும்பு முழங்கையில் இருக்கிறது. கேட்டால், "செபத்தப் பாதியில விட்டேன், மாதா தண்டிச்சுட்டா" என்பார். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது.

எழுபத்தொன்பது மே மாதம் மெட்ராஸிலிருந்து டீச்சரின் மகன் பரமானந்தம் வந்தார். கொடைரோடு ஸ்டேஷனில் ஏறும்போதே சொல்லிவிட்டார்: "ஒரு தடவ கொதிச்சாலும் இத வித்துறலாம்மா. சின்ன வண்டின்னா நீங்களே ஓட்டலாம், டிரைவரே வேணாம்." அவருடைய பெட்டிகளுக்கு இடம்விட்டு, டிக்கியிலிருந்த தண்ணீர் டின்னையும் அங்கேயே இறக்கியாயிற்று. முன்னால் உட்கார்ந்து, சூட்டைக் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார் மகன்.

பாறை தாண்டியது. முள் சிவப்பை நெருங்கியது.

"அய்யா, குருசடி வந்துருச்சு. ஒரு ஜெபம்..."

"வீட்டுல சொல்லிக்கலாம். நிறுத்தாமப் போங்க, ஏறுதான்னு பாப்போம்."

உபகாரம் இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நெஞ்சார மாதாவைக் கூப்பிட்டார்.

"நிறுத்துங்க உபகாரம்," என்றார் பின்னாலிருந்து டீச்சர். "எனக்கு ஒரு நேர்ச்ச கெடக்கு."

முணுமுணுத்த மகனைக் கையைப் பிடித்து இழுத்துப் போய், காருக்கு முதுகைக் காட்டி முழங்காலில் நிற்க வைத்தார். "கண்ண மூடுப்பா." மிக நிதானமாக ஜெபமாலையைத் தொடங்கினார். ஒரு மணிகூட விடவில்லை.

ஐம்பத்து மூன்றாவது மணி விரலைத் தாண்டியதும், திரும்பிப் பார்க்காமலே, காரிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த ஒயர்கூடையிலிருந்து தண்ணீர்க் கூஜாவை எடுத்து, முதுகுக்குப் பின்னால் உபகாரத்திடம் நீட்டினார்.