இடது கார்டின் முழங்கை

1996
செப்டம்பர் 6 — 58 கஜம்
செப்டம்பர் 13 — 41 கஜம்
செப்டம்பர் 20 — 66 கஜம்
செப்டம்பர் 27 — 103 கஜம்
அக்டோபர் 4 — 149 கஜம்
அக்டோபர் 11 — 172 கஜம்
அக்டோபர் 18 — 205 கஜம்
அக்டோபர் 25 — 198 கஜம்
நவம்பர் 1 — 216 கஜம்

ஸ்லேட் ஃபெர்ரி உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணி, தன் கடைசிப் பருவத்தில், பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிச் சேர்த்த தூரங்கள் இவை. எறிந்து சேர்த்தவை வேறு கணக்கு. முதல் மூன்றும் தோல்வி. அடுத்த ஐந்தும் வெற்றி. ஒன்பதாவது ஆட்டத்தில்தான் அதிக தூரம் ஓடினோம், அதிலும் தோற்றோம். உருக்காலையில் எடைமேடை எழுத்தராக இருந்த நான், வெள்ளிக்கிழமை மாலைகளில் மைதான ஓரத்தில் நின்று அணிக்குக் கணக்கு எழுதுவேன். எமில் பார்னாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்த ஒன்பது வரிகளிலிருந்துதான் தொடங்க முடிகிறது.

எமில் 1935இல் பிறந்தவன். பள்ளி அணியில் கார்டாக ஆடினான். பந்தைத் தொடாத ஆட்டக்காரன் அவன். முன்வரிசையில் குனிந்து நின்று, ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவது மட்டுமே வேலை. பிறகு ஆலையில் உலை முன்னால் நின்றான். 1961இலிருந்து, ஷிஃப்ட் முடிந்து வந்து, முன்வரிசைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1986இல் ஆலையை மூடினார்கள். அடுத்த ஆண்டு மனைவி இறந்துபோனாள். மூத்த சகோதரி ஐரீன் வந்து அவனோடு தங்கினாள். அதன் பிறகு அவனுக்கு அந்த முன்வரிசையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இதை மிகையாகச் சொல்லவில்லை. ஆட்டம் இல்லாத நாட்களில் அவன் சவரம் செய்துகொள்ளக்கூட மாட்டான்.

எங்கள் ஊரின் ஆட்டம் பவர் ஆட்டம். இடது கார்டு தன் இடத்தை விட்டு எழுந்து, வரிசையின் முதுகை உரசிக்கொண்டு வலப்பக்கம் ஓடி, முன்பே முடிவு செய்த ஓட்டைக்குள் முதல் ஆளாக நுழைந்து, எதிரில் நிற்பவனை இடித்துத் தள்ளுவான். பந்து வைத்திருப்பவன் அவன் பின்னாலேயே வருவான். கார்டு விட்டுப்போன இடத்தைப் பக்கத்தில் இருப்பவன் திரும்பி அடைத்துக்கொள்வான்.

"யாரை இடிக்கப்போறோம்னு வீட்டுல இருந்து கிளம்பும்போதே தெரிஞ்சிருக்கணும்" என்பான் எமில். "ஓட்டை எங்கன்னு நமக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். முடிஞ்சா தடுக்கட்டும்."

கார்டு அப்படிப் பக்கவாட்டில் எழுந்து ஓடுவதை 'இழுப்பு' என்போம். எட்டு ஒன்பது வயதிலேயே அதைப் பழக்கிவிடுவது ஊர் வழக்கம். மேரி மாதா கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் எமில் மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நல்ல சட்டையோடு பொடியன்கள் அந்தக் கோட்டில் குனிந்து நிற்பார்கள். "புல்வெட்டுற மெஷின் கயிறை இழுக்கிற மாதிரி முழங்கையப் பின்னால வீசு! இன்னும் வேகமா! உங்கப்பன் மெஷின் ஒரே இழுப்புல கிளம்பாது, தெரியுமில்ல?" முழங்கை பின்னால் போனால் இடுப்பு தானாகத் திரும்பும், கால் தானாகக் கிளம்பும். நிக் ஓராவெச் ஒன்பது வயதில் அந்தக் கோட்டில் நின்றான்.

1996இல் அந்த நிக் பள்ளி அணியின் இடது கார்டு. ஆனால் அதற்குள் ஊர் கரைந்துவிட்டிருந்தது. அணியில் மொத்தமே இருபத்து மூன்று பையன்கள், எல்லாம் ஒல்லி. அடுத்த ஆண்டு எங்கள் பள்ளியை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள வெஸ்ட் ஆல்டன் பள்ளியோடு சேர்க்கப்போவதாக முடிவாகியிருந்தது. இரண்டு அணி ஒன்றாகும். முன்வரிசைக் கோச் வேலை ஒன்றே ஒன்று. வெஸ்ட் ஆல்டனின் விளையாட்டுப் பொறுப்பாளர் ஹோமர் ஸ்லோன் ஆகஸ்டிலேயே வந்து எமிலிடம் பேசினார்.

"பார்னா, உங்க பவரைப் பத்தி எனக்குத் தெரியும். நான் அதுல அடிபட்டு வளந்தவன். ஆனா புதுப் பள்ளி ஸோன் ஆடும். உங்களால ஸோன் சொல்லிக்குடுக்க முடியும்னு இந்த வருஷம் காட்டுங்க. காட்டினா வேலை உங்களுக்கு."

எங்கள் தலைமைக் கோச் டக் மஸாரோவுக்கு முப்பத்தோரு வயது. ஸோன் ஆட்டத்தை எமிலுக்கு விளக்கியவன் அவன்தான்.

"ஆளைத் தேடக்கூடாது எமில். இடத்தைப் பிடிக்கணும். அஞ்சு பேரும் ஒரே பக்கம், ஒரே அடி. உங்க இடத்துக்குள்ள யார் வர்றானோ அவன் உங்க ஆளு. வழி எங்க திறக்குதுன்னு ஓடுறவன் பாத்து நுழைஞ்சுக்குவான்."

"அப்ப வழி எங்கன்னு நமக்கே தெரியாது?"

"தெரியாது."

"நல்லா இருக்கு தம்பி. கல்யாணத்தை நிச்சயம் பண்ணிட்டு, பொண்ணு யாருன்னு கோயில்ல போய்ப் பாத்துக்கலாம்னு சொல்ற மாதிரி."

முதல் மூன்று ஆட்டங்களில் பவர்தான் ஆடினோம். மேலே உள்ள எண்கள் அதைச் சொல்லும். ஒல்லிப் பையன் ஓடிப்போய் இடித்தால் அவனே பின்னால் விழுந்தான். மூன்றாவது தோல்விக்கு மறுநாள் எமில் தானாகவே மஸாரோவின் வீட்டுக்குப் போய், "சொல்லிக்குடு" என்றான். அவன் பிடிவாதக்காரன் என்று இன்றும் ஊரில் சொல்கிறார்கள். அது தவறு. அறுபத்தொரு வயதில் பள்ளிப் பையனைப் போல அவன் வீடியோவின் முன்னால் உட்கார்ந்து படித்ததை நான் பார்த்தேன். தீயணைப்பு நிலையத்திலிருந்து பழைய தண்ணீர்க் குழாய் ஒன்றை வாங்கிவந்து, ஐந்து பையன்களின் இடுப்பையும் வரிசையாகக் கட்டி, ஒரே அடியாக நடக்கவைத்தான். ஒருவன் தனியாகக் கிளம்பினால் ஐந்து பேரும் விழுவார்கள். நிக்தான் அடிக்கடி விழவைத்தான்.

"நிக்கு! முழங்கை!"

"தெரியாம போயிடுது கோச்."

"தெரிஞ்சு நிறுத்துடா!"

போகப்போக, குழாய் கட்டியிருக்கும்போது முழங்கை அடங்கியது. அவிழ்த்தால் பத்தில் ஒரு முறை முழங்கை பின்னால் போகும். ஆனாலும் அணி ஓடத் தொடங்கியது. லமான்ட் டில்லர்ட் என்ற பையன் பந்தை வாங்கி ஒரு கணம் தயங்கி, வழி திறக்கும் இடம் பார்த்து நுழைவான். பவரில் அந்தத் தயக்கம் பாவம். ஸோனில் அதுதான் உயிர். ஐந்து வெற்றி. எமில் ஆட்டம் இல்லாத நாட்களிலும் சவரம் செய்துகொள்ளத் தொடங்கினான்.

நவம்பர் 1, வெஸ்ட் ஆல்டனோடு ஆட்டம். இரண்டு பள்ளிகளும் மோதும் கடைசி ஆட்டம். ஸ்லோன் பார்க்க வந்திருந்தார். ஒரு நிமிடமே மீதி. மூன்று புள்ளி பின்தங்கி, எதிரணியின் எல்லைக்கு நான்கு கஜம் முன்னால் நின்றோம். எங்கள் அணியில் அடுத்து என்ன ஆடுவது என்பதை இடது கார்டு ஓரத்திலிருந்து கேட்டுக்கொண்டு போய்ச் சொல்வது வழக்கம். மஸாரோ "ஸோன், வலது" என்றான். எமில் நிக்கின் தலைக்கவசக் கம்பியைப் பிடித்து, "ஸோன், வலது. அடி மட்டும் வைடா, அடி" என்று சொல்லி அனுப்பினான். நான் பக்கத்தில் நின்றேன்.

பந்து நகர்ந்தது. நால்வர் வலப்பக்கம் ஒரே அடி வைத்தார்கள். நிக்கின் முழங்கை பின்னால் போனது. எழுந்து, வரிசையின் முதுகை உரசிக்கொண்டு, கோயில் வாசலில் பழகிய அதே அழகோடு ஓடினான். அவன் விட்ட இடத்தை அடைக்க ஸோனில் யாரும் இல்லை. அந்த இடைவெளி வழியே வெஸ்ட் ஆல்டனின் பெரிய பையன் ஒருவன் நேராக வந்தான். லமான்ட் வழி பார்த்துத் தயங்கி நின்ற அந்தக் கணத்தில் அந்தப் பெரிய பையன் பக்கவாட்டிலிருந்து லமான்டின் முழங்கால்மேல் விழுந்தான். சத்தம் ஓரம் வரை கேட்டது. லமான்டுக்கு அதன் பிறகு ஓட்டம் என்பதே இல்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கு, தீயணைப்பு நிலைய மண்டபத்தில், முந்தைய நாள் ஆட்டத்தின் வீடியோவை ஊருக்குப் போட்டுக்காட்டுவது வழக்கம். காப்பியும் டோநட்டும் உண்டு. யார் வேண்டுமானாலும் "திருப்பு" என்று கத்தலாம். கத்தினால் கோச் திருப்பிக் காட்டியாக வேண்டும். தோற்ற வாரத்திலும் வராமல் இருக்கக்கூடாது. ஆட்டக்காரர்கள் சுவரோரமாக உட்கார்ந்திருப்பார்கள். அன்று ரிமோட் எமிலின் கையில். ஸ்லோனும் வந்து பின்வரிசையில் இருந்தார்.

அந்தக் கடைசி நிமிடம் வந்தது.

"திருப்பு!" என்றார் இறைச்சிக்கடை யூலியஸ்.

திருப்பினான்.

"மறுபடி! அந்த அறுபத்து நாலாம் நம்பர் எங்கடா ஓடுறான்? பஸ்ஸப் பிடிக்கவா?"

"இந்த ஊருக்குப் பஸ் வந்தே பத்து வருஷமாச்சு" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

"சிரிப்பு என்னய்யா சிரிப்பு?" என்று முன்வரிசையிலிருந்து லமான்டின் மாமா எழுந்தார். "ஒரு பையன் காலு போயிருக்கு. திருப்பு. யாரு அந்த அறுபத்து நாலு? மூஞ்சியப் பாக்கணும்."

யார் என்று அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். சுவரோரத்தில் நிக் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது. எமில் திருப்பினான். முழங்கை பின்னால் போகும் இடத்தில் படத்தை நிறுத்தினான்.

"அவன் இல்ல" என்றான். "நான்தான். அவனை மட்டும் பழையபடி இழுத்துப் போகச் சொல்லி அனுப்பினேன்."

எல்லோரும் மஸாரோவைப் பார்த்தார்கள். மஸாரோ வாயைத் திறந்தான். பின்வரிசையில் ஸ்லோனைப் பார்த்தான். புதுப் பள்ளியில் தலைமைக் கோச் வேலைக்கு அவனும் மனு போட்டிருந்தான். காப்பியைக் குடித்தான்.

"கிழட்டுக் கழுதை!" என்றார் யூலியஸ். "அஞ்சு ஆட்டம் ஜெயிச்சுக் குடுத்த ஆட்டத்தை விட்டுட்டு, உன் வீம்புக்கு ஒரு பையனா?"

வெளியே கார்களுக்கு இடையில் மஸாரோ எமிலைப் பிடித்தான். "நான் சொல்லியிருக்கணும் எமில்."

"சொல்லணும்னா சொல்லியிருப்ப. போய்க் காரை எடு."

அவன் போனதும் நான் கேட்டேன். "என் பக்கத்துல நின்னுதானே சொன்ன? ஸோன்னுதானே சொன்ன? ஏன்டா இப்படி ஒரு பொய்?"

"பொய் எங்க சொன்னேன்? இழுத்துப் போடான்னு அவன்கிட்ட நான்தான் சொன்னேன். எப்பச் சொன்னேன்னு யாரும் கேக்கல." கார் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றான். "ஒன்பது வயசுல உள்ள போட்டேன். ஆறு வாரத்துல வெளிய எடுக்க முடியல. நீ எங்கயும் போய் வாயத் திறக்காத."

மறுவாரம் நான் ஆற்றைக் கடந்து ஸ்லோனிடம் போனேன், எமிலிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றதை நம்புறேன் ஐயா. அப்ப எதை எடுத்துக்க? கோச் பேச்சை மீறினவர்னு வச்சுக்கிட்டா அவருக்கு வேலை இல்ல. ஒரு பையன்கிட்ட இருந்து இழுப்பை எடுக்க முடியாதவர்னு வச்சுக்கிட்டாலும் வேலை இல்ல. அந்தப் பக்கத்துல இருந்து வர்ற அத்தனை பேருக்கும் அந்த முழங்கை இருக்கும். நான் என்ன பண்ண?"

நான் எழுந்தேன். மனுவை மட்டும் போடச் சொல்லுங்கள், குழு பார்க்கும் என்றார். எமில் போட்டான்.

ஐரீன் செய்துகொடுத்த முட்டைக்கோஸ் உருண்டைகளை எடுத்துக்கொண்டு அவன் லமான்டின் வீட்டுக்குப் போனான். நான் காரில் இருந்தேன். தாய் கதவைத் திறந்தாள்.

"நீங்க சொல்லித்தான் அந்தப் பையன் போனானாமே?"

"ஆமாம்மா."

"அப்ப அதை எடுத்துட்டுப் போங்க."

அந்தப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டே வந்தான். வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. ஐரீன் அதைக் குப்பையில் கொட்டினாள். "டேய் எமிலு, அந்தப் பொம்பளைகிட்டயாவது உண்மையைச் சொல்லக்கூடாதா?" என்றாள். "சொன்னா அந்தக் கால் வளருமா?" என்றான்.

நிக் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; நன்றியும் இல்லை. ஒருமுறை பெட்ரோல் பங்கில் எமிலைப் பார்த்ததும் பாதியில் குழாயை மாட்டிவிட்டுக் காரை எடுத்துப் போய்விட்டான். பள்ளி முடிந்ததும் கடற்படையில் சேர்ந்தான். தான் வாயைத் திறந்திருக்கலாம் என்று அவன் நினைத்தானா, தெரியாது. எமிலிடம் கேட்டேன். "என்னைப் பாத்தா அவனுக்கு அந்தக் காலுதான் தெரியும். எனக்கும் அவனைப் பாத்தா அப்படித்தான்" என்றான்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் எமில் ஸோன் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் போகும்போதெல்லாம் நிறுத்திக் காட்டுவான். "இங்க பாரு, இந்த அடியை ஆறு அங்குலம் குறைச்சா இழுப்புக்கே இடம் இருக்காது. வசந்தத்துல அதைத்தான் முதல்ல சொல்லித்தரணும்." யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் மண்டபத்துக்குக் காப்பி குடிக்கப் போவதை நிறுத்தினான். கோயிலுக்குப் பக்கவாசல் வழியாகப் போனான், மஞ்சள் கோட்டை மிதிக்காமல். இறைச்சியை ஐரீன் பக்கத்து ஊரில் வாங்கினாள்.

அதன் பிறகு ஏழு ஆண்டுகள் இருந்தான். எந்த மைதானத்திலும் நிற்கவில்லை. சவரத்தை விட்டுவிட்டான். இறந்தபோது சவப்பெட்டி தூக்க ஆறு பேர் தேவைப்பட்டது. நான்கு பேர்தான் வந்தோம், மற்ற இருவரைச் சவ அடக்கக்காரர்கள் தந்தார்கள். மஸாரோ அன்று அக்கரைப் பள்ளியில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தான்.

மனு போட்ட பிறகு புதுப் பள்ளியிலிருந்து எமிலுக்கு மூன்று கடிதங்கள் வந்திருந்தன. முதலாவது, மனு கிடைத்தது என்று. இரண்டாவது, முடிவு தள்ளிப்போகிறது, பொறுத்திருங்கள் என்று. அதை அவன் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டு புது ஷூ வாங்கினான். மூன்றாவதில் வேறொருவரை எடுத்துவிட்டதாகவும், முப்பத்தைந்து ஆண்டுச் சேவைக்கு நன்றி என்றும் இரண்டே வரிகள் இருந்தன. ஐரீன் உறையைப் பிரித்து மேசையில் வைத்தாள். எமில் நின்றபடியே படித்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த வீடியோவை அணைத்தான். அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 1997 ஏப்ரல் 22, செவ்வாய்க்கிழமை.